விரல் விட்டு அளந்த வண்டி

எங்களுக்கு இரண்டு மோட்டார் வண்டிகள் இருந்தன என்று சொன்னால் ஜமீன் வீட்டுப் பெருமை மாதிரி இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. இரண்டும் பழைய வண்டிகள், இரண்டும் ஒரே சமயத்தில் இருந்ததும் இல்லை. முதலில் சின்னது இருந்தது. அதைக் கொடுத்துவிட்டுப் பெரியதை வாங்கினோம். இரண்டிலும் நான் சோறு பொங்கியிருக்கிறேன், படுத்துத் தூங்கியிருக்கிறேன், புருஷனோடு சண்டை போட்டிருக்கிறேன். "உங்க வீடு எங்கன இருக்கு?" என்று சந்தையில் யாராவது கேட்டால், புளியமரத்தடியில் நிற்கும் வண்டியைக் கை காட்டிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். அதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

பெரிய யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முந்தைய கதை இது. என் வீட்டுக்காரர் ஜவுளி வியாபாரி. கடை கிடையாது, சந்தைதான். தேனி, போடி, தேவாரம், பண்ணைப்புரம், சின்னமனூர், கம்பம் என்று நாளுக்கு ஓர் ஊர். மற்ற வியாபாரிகள் மாட்டுவண்டியில் மூட்டையை ஏற்றிக்கொண்டு போனார்கள். இவருக்கு மட்டும் மோட்டார்ப் பைத்தியம். மலையில் ஏலத்தோட்டத்துத் துரை ஒருவர் கழித்துப்போட்ட சின்னக் காரை வாங்கி, பின்பாதியை அறுத்தெடுத்துவிட்டு, பலகையால் ஒரு கூண்டு கட்டினார். பழனிசெட்டிபட்டியில் அவருடைய அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் நாங்கள் இருந்தோம். ஒரு அடுப்படியில் மூன்று பெண்கள். சின்ன வண்டி வந்த அன்றைக்கே, "நானும் கூட வாரேன்" என்று மூட்டையோடு மூட்டையாக ஏறிக்கொண்டேன். குடும்பத்துப் பொம்பளை ரோட்டில் குடியிருக்கிறாள் என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

சின்ன வண்டிக்குள் ஒரு பக்கம் பலகை, அதற்குக் கீழே துணி மூட்டைகள். மறுபக்கம் ஒரு தட்டு, அதில் அரிசிப் பானை, அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு. ஒருவர் எழுந்து நின்றால் மற்றவர் உட்கார்ந்தாக வேண்டும். இரவில் இருவரும் படுத்தால் நான் காலை மடக்கித்தான் ஆக வேண்டும், நான் நெட்டை. ஆனால் அந்த வண்டி போகாத இடம் கிடையாது. ஆட்டுப்பாதையில் போகும், தோப்புக்குள் போகும், வாய்க்கால் கரையில் போகும். சேற்றில் மாட்டினால் நான் பின்னால் நின்று தோளைக் கொடுத்தாலே கிளம்பிவிடும். எந்த ஊர் மரத்தடியிலும் எங்களுக்கு இடம் இருந்தது.

அவருடைய கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஜவுளிக்காரர்கள் இரும்புக் கெஜக்கோலைத் துணிமேல் வைத்து அளக்கும்போது, ஒவ்வொரு கெஜத்தின் முடிவிலும் பெருவிரலைக் குறுக்கே வைத்து, அந்த விரல் அகலத்தையும் விட்டுத்தான் அடுத்த கெஜத்தை ஆரம்பிப்பார்கள். அந்த விரல் வாங்குகிறவருக்கு இனாம். விரல் விடாதவனிடம் எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு முழம் துணி வாங்க மாட்டார்கள். "விரலு விட்டு அளங்கண்ணே, கஞ்சத்தனம் பண்ணாதீக" என்று நிற்பார்கள். இவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் விரலே சப்பட்டையாக அகலம். துணி கையில் பட்டால் போதும், விரல் தானாக விழும். ஒரு தடவை என் சேலை முந்தானையைப் பிடித்துப் பேசிக்கொண்டே இருந்தவர், பாதிப் பேச்சில் அதை அளந்துகொண்டிருந்தார். நான் சிரித்த சிரிப்பில் அடுப்பு அணைந்துபோனது.

எங்கள் முதல் பிள்ளை தங்கவில்லை. எட்டாம் மாதம். தேவதானப்பட்டிப் பக்கம் போயிருந்தபோது வண்டியிலேயே வலி கண்டுவிட்டது. அங்கே பார்த்த மருத்துவச்சி, எல்லாம் முடிந்தபிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "காலை மடக்கி மடக்கிப் படுத்துக் கிடந்தா புள்ள எப்பிடித்தா தங்கும்?" அவள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அதைச் சுமந்தோம். நான் ராத்திரியில் விழித்துக்கொண்டால் முதலில் என் முழங்காலைத்தான் தடவிப் பார்ப்பேன். மடங்கியிருந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பேசாமல் இருக்கிற மனுஷன் என்ன செய்யப்போகிறாரோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டாவது முறை நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்த மாதமே அவர் பெரிய வண்டிக்கு அலைய ஆரம்பித்தார். பெரியகுளம் ரோட்டில் ஓடி ஓய்ந்த ஒரு பழைய பஸ், மேல்கூடு உளுத்துப்போய்க் கிடந்தது. அடிச்சட்டமும் இஞ்சினும் நன்றாக இருந்தன. சின்ன வண்டியை, போடி கடைத்தெருவிலிருந்து சந்தைக்குச் சந்தை அலுமினியப் பாத்திரம் கொண்டுபோகும் ஒரு வேதக்காரருக்கு, கிறிஸ்தவர், கொடுத்துவிட்டு இதைப் பிடித்தார்.

"சிறுகக் கட்டிப் பெருக வாழுன்னு சொல்லுவாக. நீங்க பெருகக் கட்டி என்ன செய்யப் போறீக?" என்று கேட்டேன்.

"நீ காலை நீட்டிப் படுக்கணும். அம்புட்டுத்தான்" என்றார்.

என் அம்மா, ஏழாம் மாதமே என்னைக் கொண்டுவந்து விடச் சொல்லியிருந்தாள். இந்தத் தடவை தன் கண்முன்னால்தான் பிரசவம் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இந்தப் பிள்ளையை என் அம்மா வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும், பிறகு அது பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அம்மா ஊர் சின்னமனூரைத் தாண்டி ஒரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். வாய்க்காலில் ஒரு கல் பாலம். அதன் வாயில் இருபுறமும் ஆள் உயரத்துக்கு இரண்டு கல்தூண்கள். நெல் பாரம் ஏற்றிய அகல வண்டிகள் பாலத்தை உடைத்துவிடக் கூடாது என்று எந்தக் காலத்திலோ நட்டது.

அந்தத் தூணை அவர் மறக்கவில்லை. அதற்கென்றே ஒரு நாள் போய், கெஜக்கோலைத் தூணுக்குத் தூண் வைத்து அளந்துகொண்டு வந்தார். இரண்டு கெஜமும் ஒரு அடியும். அதில் ஒரு விரல் அகலத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை அப்படியே கூண்டுக்கு வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் அரை விரல், மறு பக்கம் அரை விரல்.

"ஒரு சாண் விடக்கூடாதா?" என்றேன்.

"கட்டிலைக் குறுக்கால போடுறேன். ஒரு பக்கம் துணி அலமாரி போக மிச்சந்தான் உனக்கு. அந்த ஒரு சாணை விட்டா நீ மறுபடி மடக்கித்தான் படுக்கணும்."

போடியில் இருந்த தச்சருக்கு அளவு கொடுக்க, காடாத் துணியில் ஒரு நாடா கிழித்தார். அதைக் கெஜக்கோலில் வைத்து அளந்து, முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். என் கண் அங்கேதான் இருந்தது. ஆனாலும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

தச்சர் இன்று நாளை என்று இழுத்து ஏழாம் மாதத்தை விழுங்கிவிட்டார். எட்டாம் மாதத்தில் கர்ப்பிணியை அழைத்துப்போகிற வழக்கம் கிடையாது. ஒற்றைப்படை மாதம்தான். அம்மா ஆள் மேல் ஆள் விட்டுத் திட்டினாள். அந்த எட்டாம் மாதம் முழுக்க நாங்கள் பெரிய வண்டியில் குடியிருந்தோம்.

இருப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. காலை நீட்டினேன். நின்றுகொண்டே சேலை கட்டினேன். சின்ன வண்டியில் கூரை இடிக்கக் குனிந்தே கட்டியவளுக்கு அது பெரிய காரியம். ஆனால் அது வண்டியாக இல்லை, யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாக இருந்தது. சந்தைத் திடலுக்குள் நுழையாது. ரோட்டிலேயே நிறுத்திவிட்டு மூட்டையைத் தலையில் சுமக்க வேண்டும். புளியங்கிளை கூரையை இழுக்கும். தள்ளுவதற்குப் பத்து ஆள் வேண்டும். இன்னொரு கூத்தும் உண்டு. எங்கே நிறுத்தினாலும் நாலு பேர் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். நான் குழம்பைக் கிண்டிக்கொண்டிருப்பேன், ஒரு பெரியவர் கட்டிலில் மூட்டையை வைத்துவிட்டு, "தேனிக்கு எப்பத்தா எடுப்பாக?" என்பார். ஒருவர் எங்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, போடி வந்துவிட்டதா என்று கேட்டார். வண்டி கிளம்பவே இல்லை.

ஒன்பதாம் மாதம் பிறந்து நாலாம் நாள், நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினோம். காலையில் பழனிசெட்டிபட்டியை விட்டபோது எனக்கு ஒன்றுமில்லை. சின்னமனூரைத் தாண்டியதும் இடுப்பில் ஒரு பிடி. காலையில் துணிமூட்டையைத் தூக்கியதால் இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் மறுபடி. மூன்றாவது பிடிக்கு எனக்குப் புரிந்துவிட்டது. வண்டியில் வலி, அதே மாதிரி. முன்னால் ஓட்டுகிற இடத்துக்கும் எனக்கும் நடுவில் பலகைச் சுவர். அதைத் தட்டிக் கத்தினேன்.

"இந்தா வந்துட்டம்த்தா, பாலந்தான், பாலந்தான். கொஞ்சம் பொறுத்துக்க!"

"நான் பொறுத்துக்குவேன், உள்ள இருக்கிறது பொறுக்குமா?"

அந்தப் பதற்றத்தில் அவர் வேகத்தைக் குறைக்காமல் பாலத்தில் விட்டார். மூக்கு நுழைந்தது. அடுத்து ஒரு சத்தம். பலகை நெரிந்து, அலமாரியிலிருந்த துணி அத்தனையும் என்மேல் சரிந்தது. வண்டி நின்றுவிட்டது. பின்னால் எடுக்கப் பார்த்தார். சக்கரம் வாய்க்கால் ஈரத்தில் சுற்றியது, கூண்டு அசையவில்லை. ஆப்பு அடித்த மாதிரி இரண்டு தூணுக்கும் நடுவில் இறுகிவிட்டது. அம்மா வீடு அங்கிருந்து ஒரு மைல். பாலத்தில் ஏறி நின்றால் அதைச் சுற்றியிருந்த தென்னந்தோப்பே தெரியும்.

அவர் இறங்கி ஓடிவந்து, கெஜக்கோலை எடுத்துக்கொண்டுபோய்த் தூணில் வைத்து அளந்தார். எனக்கு உயிர் போகிறது, இந்த மனுஷன் அளக்கிறார். பின் கதவுப் பக்கம் தச்சர் ஆணியில் மாட்டிவிட்டுப்போன அந்தக் காடா நாடாவையும் எடுத்து அதே கோலில் வைத்தார். முடிச்சு இரண்டு விரல் தள்ளி விழுந்தது.

"விரல் விட்டுட்டேன்" என்றார். "ஒரு விரல் இடம் விட்டுப்புட்டு, ரெண்டு கெஜத்துக்கு ரெண்டு விரலு கூட அளந்திருக்கேன். உனக்கு எமன் நானேதான்."

கல்லை அளக்கும்போது கோல் மட்டும்தான் பேசியது. துணி கைக்கு வந்ததும் விரல் விழுந்துவிட்டது. அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வலி அதற்கு நேரம் கொடுக்கவில்லை. இந்தப் பிள்ளையும் போச்சு என்று மட்டும் நினைத்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஹாரன் கேட்டது. ரப்பர் பந்து ஹாரன், சளி பிடித்த வாத்து மாதிரி. உலகத்தில் எத்தனை ஹாரன் இருந்தாலும் அதை எனக்குத் தெரியும். எங்கள் சின்ன வண்டி. பாத்திரக்காரரும் அவர் மனைவியும் என் அம்மா ஊரில் வியாபாரத்தை முடித்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே, பாலத்துக்குக் கதவு போட்டுட்டீக?" என்று பாத்திரக்காரர் அங்கிருந்தே கேலி பண்ணினார். என் சத்தம் கேட்டதும் கேலி நின்றுவிட்டது.

பின் கதவு வழியாக இறங்கித் தூணைச் சுற்றி ஏறிப்போக என்னால் முடியாது. பாலத்தின் பக்கம் போக ஒரே வழி, வண்டிக்குள்ளேயே முன்னால் போவதுதான். நடுவில் பலகைச் சுவர். தேக்கு, அவரே பார்த்துப் பார்த்து மெருகு போட்டது. அதைக் கெஜக்கோலால் நெம்பி, காலால் உதைத்து உடைத்தார். மூன்றாவது உதையில் ஆள் போகிற அளவுக்கு வழி வந்தது. பாத்திரக்காரர் மனைவி அந்தப் பக்கம் கை நீட்டி நின்றார். ஓட்டுகிற இருக்கை மேல் ஏறி, அந்தக் கதவு வழியாகப் பாலத்தில் இறங்கினேன். என் சொந்த வீட்டுச் சுவரை உடைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியே வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சின்ன வண்டி முழுக்கப் பாத்திரம். அந்த அக்கா ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. அண்டா, குண்டா, தூக்குவாளி எல்லாவற்றையும் பாலத்தில் வீசினார். வாய்க்காலில் இரண்டு மிதந்துபோயின. என்னைப் பழைய பலகையில் படுக்க வைத்தார். என் கால் தானாக மடங்கியது. நான் அலறிவிட்டேன்.

"அக்கா, காலு மடங்குது! நீட்டணும்! மடங்குனா புள்ள தங்காது!"

"எந்தச் சிறுக்கி சொன்னது?" என்றார் அவர். "நான் மூணு பெத்தவ. மூணையும் மடக்கிப் படுத்துத்தான் சுமந்தேன். நாலு பேரு படுக்குற எடத்துல எட்டுப் பேரு படுத்துக் கிடந்தோம், எங்கிட்டு நீட்ட? புள்ள தங்குறதும் தங்காததும் முழங்கால்லயா இருக்கு? சும்மா கிடத்தா."

அவ்வளவுதான் அவர் சொன்னது. இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்து வாய்க்காலில் போட்ட மாதிரி இருந்தது. வலியில் அழுதேனா அதற்காக அழுதேனா, தெரியாது. நன்றாக அழுதேன்.

பாத்திரக்காரர் ஓட்ட, என் வீட்டுக்காரர் வெளியே மிதிபலகையில் தொற்றிக்கொண்டு வந்தார். கெஜக்கோலை அவர் இன்னும் விடவில்லை. சின்ன வண்டி வரப்போரமாகப் பறந்து, தென்னந்தோப்புக்குள் புகுந்து, நேராக என் அம்மா வீட்டு வாசலிலேயே போய் நின்றது. பெரிய வண்டி பாலத்தைத் தாண்டியிருந்தால் கூட அந்தத் தோப்புக்குள் வந்திருக்காது. தெருமுனையில் நின்றிருக்கும். அது அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும்தான்.

இறங்க நேரமில்லை. அம்மா ஓடிவந்து வண்டிக்குள் ஏறினாள், அவள் பின்னால் ஊர் மருத்துவச்சி. முதுகை ஒரு பக்கப் பலகையில் சாய்த்துக்கொண்டேன். எதிர்ப் பலகை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதில் இரண்டு காலையும் ஊன்றினேன். ஊன்றி உந்துவதற்கு எதிரே ஒரு சுவர் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும். பெரிய வண்டியில் என் கால் காற்றில்தான் நீண்டிருக்கும். ஒரு பலகை விரிசல் விட்டது. அந்த விரிசல் கடைசிவரைக்கும் அங்கே இருந்தது, நான் அடைக்க விடவில்லை.

பொட்டைப்பிள்ளை. வெளியே வந்ததும் ஒரு கத்து கத்தியது பாருங்கள், தோப்பில் இருந்த காக்கையெல்லாம் எழுந்தன. அம்மா, "உயிரோட இருக்குடி, உயிரோட இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வெளியே அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கெஜக்கோலை மடியில் வைத்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி தேம்பினார் என்று அந்த அக்கா பிறகு சொல்லிச் சிரித்தார்.

பெரிய வண்டியை மறுநாள் எடுத்தார்கள். தச்சர் வந்து, இழைப்புளியால் இரண்டு பக்கமும் சீவி, எருமைகளைக் கட்டிப் பின்னால் இழுத்தார். பாத்திரக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்று பிள்ளைகள் வைத்திருக்கிறவர், அவருக்கு அந்த இடம் தேவைப்பட்டது. பாலத்தைத் தாண்டி அந்த ஒரு ஊருக்குப் போகாவிட்டாலும் அவர் வியாபாரம் ஓடும். வண்டிக்கு வண்டி மாற்றிக்கொண்டோம். இரண்டு வீட்டிலும் பெண்கள்தான் முதலில் தலையாட்டினோம். எங்கள் சின்ன வண்டி எங்களுக்கே திரும்பி வந்தபோது, ஹாரனை நான் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். மனசு நிறைந்துபோனது.

ஆனால் அவர் மட்டும் தெளியவில்லை. அடுத்த சந்தையிலேயே விரல் விடுவதை நிறுத்திவிட்டாராம். வாங்க வந்த பெண்கள், "அண்ணனுக்கு என்ன ஆச்சு, புள்ள பிறந்ததும் கை சுருங்கிப்போச்சா?" என்று பேசியது என் காதுவரை வந்தது.

பதினாறாம் நாள் பிள்ளைக்கு முதல் சட்டை தைக்கத் துணி எடுத்துக்கொண்டு வந்தார். மெல்லிசு மல் துணி, வெள்ளை. வண்டியின் பின்கதவைத் திறந்து போட்டு, பிள்ளையைப் பலகையில் கிடத்தி, பக்கத்தில் கெஜக்கோலை வைத்தார். பிள்ளை காலை உதைத்தது. ஒரு கையால் மெல்லக் காலைப் பிடித்து நீட்டினார்.

"அரைக் கெஜம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கூட ஒரு விரலு" என்றார்.

துணியை எடுத்துக் கோலில் வைத்தார். பார்த்தேன். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நாலு விரலும் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தன. கட்டிப்போட்ட மாதிரி. அப்படியே அளந்து, கிழிக்கப்போனார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"விரலு விடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "வேண்டாம்த்தா. விரலு விட்டுத்தான் அன்னைக்கு..."

"வளர்ற புள்ளைங்க இது. விரலு விடாம அளந்தா எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

துணியை மறுபடி கோலில் நீவி வைத்தார். பிறகு கை விரிந்தது. அந்தச் சப்பட்டை விரலைத் துணிமேல் குறுக்கே வைத்தார். அதற்குப் பக்கத்தில் இன்னொரு தடவையும் வைத்தார். அப்புறம்தான் கிழித்தார்.